கோடரி தொலைத்தவனின் பக்கத்து வீடு

வீரபாகு அண்ணாச்சியின் பாத்திரக் கடையில் ஒரு கரண்டியாவது வாங்கியவர்களுக்குத் தினசரிக் காலண்டர் இலவசம் என்பதால் வெள்ளூத்துப்பட்டியில் காலண்டர் தொங்காத வீடே கிடையாது. மேலே கஜலட்சுமி, லட்சுமியின் தலைக்கு மேல் அவளைவிடப் பெரிதாக அண்ணாச்சியின் பெயர், கீழே தாள், தாளில் தேதி, நல்ல நேரம், ராகு காலம், சூலம், சந்திராஷ்டமம், எல்லாவற்றுக்கும் அடியில் யாரும் படிக்காத ஒரு வரி நல்ல வார்த்தை. மறுநாள் கிழிபட்டு, வடைக்கு எண்ணெய் ஒற்றவோ பிள்ளைக்கு மூக்குத் துடைக்கவோ ஆகி, அந்த வகையில் மனித குலத்துக்கு நன்மை செய்துவிட்டுப் போவதுதான் அந்த நல்ல வார்த்தையின் தலையெழுத்து. அந்த வருஷம் காலண்டர் ஏஜெண்ட் வந்து, "அண்ணாச்சி, மகான்கள் பொன்மொழியெல்லாம் இந்தத் தடவை தீந்துபோச்சு, சீனப் பழமொழிதான் இருக்கு" என்றார். "ஏதோ ஒண்ணு போடும். எம் பேரு பெருசா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார் அண்ணாச்சி. சீன தேசத்தின் பல்லாயிரம் வருஷத்து ஞானம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் பார்த்தால் தேதி எல்லா வீட்டிலும் ஒன்றாகத்தான் இருந்தது, ராகு காலமும் ஒன்றுதான், ஆனால் அடியிலிருந்த வரி மட்டும் வீட்டுக்கு வீடு வேறாக இருந்தது, அதுவும் அந்தந்த வீட்டின் சங்கதி முழுக்கத் தெரிந்த யாரோ அடுக்களை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது. மூன்று வயதுப் பிள்ளையைக் காலையில் அபாகஸுக்கும் மாலையில் இந்திக்கும் நடுவில் பரதத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்த சோலைமலை வீட்டில், "நாற்று வளரவில்லையே என்று பிடித்து இழுத்துவிட்டவனுக்கு வயலில் ஒன்றும் மிஞ்சவில்லை" என்றிருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எதிராளியின் மனு தள்ளுபடியானதால் ஒரே ஒருமுறை ஜெயித்து, அன்றிலிருந்து வெள்ளை வேட்டி கசங்காமல் பஞ்சாயத்து ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் பிரசிடெண்ட் வன்னியராசு வீட்டில், "முயல் ஒன்று ஓடிவந்து மரத்தில் முட்டிச் செத்ததைக் கண்டவன் அடுத்த முயலுக்காக அங்கேயே உட்கார்ந்துவிட்டான்" என்றிருந்தது. வீட்டு மொட்டைமாடியில் சிங்கம் வைத்து, சிங்கத்தின் மேல் கழுகு வைத்து, அதற்கும் மேல் கால்பந்து வடிவில் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்த அண்ணாச்சி வீட்டிலோ, "பாம்பை வரைந்து முடித்தவன் கை சும்மா இராமல் அதற்குக் காலும் வரைந்தான்" என்றிருந்தது. சோலைமலை தன் வீட்டு வரியைப் படித்துவிட்டு, "விவசாயத்தப் பத்தி ஏதோ போட்டிருக்கான்" என்று சொல்லிப் பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அபாகஸுக்குப் போனார்.

எங்கள் ஊரில் அதிசயத்தைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவது வழக்கமில்லை. அதே அதிசயம் எதிர்வீட்டுக்கு நம்மைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்துவிட்டதா என்பது ஒன்றுதான் எங்களுக்குக் கவலை. ஆகவே இது எப்படி நடந்தது என்று கேட்க ஒரு ஆளில்லை. தன் வீட்டில் ஒரு வரிதான் இருக்கிறது, மதினி வீட்டில் மட்டும் ஒன்றரை வரி இருக்கிறது என்று சண்டை போடக் கடை வாசலில் இருபது பேர் நின்றார்கள். அண்ணாச்சி பெருந்தன்மையாகக் காலண்டர்களை மாற்றிக்கொடுத்தார். மாற்றி எடுத்துப்போய் ஆணியில் மாட்டினால், மாட்டிய கை கீழே இறங்குவதற்குள் அந்த வீட்டுக்கு உரிய வரி அதில் வந்துவிட்டது.

அப்புறம் அது பழகிப்போயிற்று. வீட்டுக்கு வந்தவர்கள் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தார்கள், தண்ணீர் கேட்டு உள்ளே வந்து சுவரைப் பார்த்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கேசரியோடு திரும்பினார்கள். மானமுள்ள குடும்பம் என்ன செய்யும்? என்னிடம் வந்து காலண்டருக்குத் திரை தைத்துக்கொண்டது. நான் கோயில் தெருவில் முப்பது வருஷமாகத் தையல் மிஷின் போட்டிருப்பவன். வெல்வெட் திரை, ஓரத்தில் கொசுவம் வைத்த திரை, சம்கி ஒட்டிய திரை, சந்திராஷ்டமம் மட்டும் தெரிய ஓட்டை விட்ட திரை என்று அந்த வருஷம் நான் தைத்த ஜாக்கெட்டுகளைவிடத் தைத்த திரைகள் அதிகம். எனக்குத் திரை தேவைப்படவில்லை. என் வீட்டில் அப்போது வந்துகொண்டிருந்ததெல்லாம் நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கக்கூடிய சாதாரண வரிகள்தான்.

பழமொழிக்கு அர்த்தம் சொல்லவும் ஆள் கிடைத்தார். சைனா காசிராஜன் வாலிபத்தில் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அவருடைய கப்பல் ஒரு தடவை ஷாங்காய் துறைமுகத்தில் நாலு மணி நேரம் நின்றது. அந்த நாலு மணி நேரமும் அவர் கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் ஊரில் மற்ற யாருக்கும் அந்த அளவு சீனப் பழக்கம் இல்லாததால், எல்லோரும் தாளைக் கிழித்துக்கொண்டு அவரிடம்தான் போனார்கள். அவரும் யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. உன் வீட்டில் வந்த வரி உன்னைப் பற்றியது அல்ல, உன் எதிர்வீட்டுக்காரனைப் பற்றி உனக்குத் தரப்பட்ட எச்சரிக்கை என்ற ஒரே சூத்திரத்தை வைத்துக்கொண்டு அவர் எல்லாப் பழமொழியையும் விளக்கினார். ஊருக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது. படித்தவன் எழுதிவைத்துவிட்டுப் போவான், அதை நமக்குத் தோதாக வளைத்துக் கொடுப்பவன்தானே அறிஞன்.

எனக்குப் பக்கத்து வீட்டில், அதாவது கோயில் சாமான் அறைக்கும் என் கடைக்கும் நடுவில், தங்கப்பழம் குடியிருந்தார். பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர் எடுப்பவர். மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு காலையில் போனால் மத்தியானம் வருவார். வந்து ஆறு வருஷம் ஆகியிருந்ததால் எங்கள் கணக்கில் அவர் நேற்று வந்தவர். மனைவி சந்தனமாரி; மகள் ஜெயதுர்கா, பிளஸ் டூ. ஒரு குடம் வாங்கிய உரிமையில் அவர்கள் வீட்டிலும் அண்ணாச்சி காலண்டர் தொங்கியது. அந்தப் பெண் கிழித்த தாள்களை எறியாமல் சேர்த்துவைத்து அவற்றின் பின்பக்கத்தில் கெமிஸ்ட்ரி எழுதிப் பார்ப்பாள். உங்கள் வீட்டில் என்ன வரி வருகிறது என்று யார் கேட்டாலும் சந்தனமாரி, "எங்களுக்கு ஆகுறது ஏதோ வருது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். சொல்ல மாட்டேன் என்பவர்கள் வீட்டில் கட்டாயம் ஏதோ அசிங்கம்தான் வருகிறது என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

தங்கப்பழத்தின் நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு இடதுகால் முக்கால் இஞ்ச் குறைவு. ஊரில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஏனென்றால் அவருடைய கால்சட்டையை ஒரு கால் குறைத்து ஆறு வருஷமாகத் தைப்பவன் நான். அளவெடுக்கும்போது முதல் நாள் வெட்கப்பட்டார். "யார்ட்டயும் சொல்லிராதீங்க அண்ணே" என்றார். நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாளிலும் சொல்லவில்லை என்பதற்காகத்தான் இப்போது இவ்வளவு பேசிக்கொண்டிருக்கிறேன்.

பங்குனிப் பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காளியம்மன் கோயில் சாமான் அறையைத் திறந்தால் அண்டாவைக் காணோம். நூறு படி அரிசி வேகும் பித்தளை அண்டா. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து பீடி குடித்தால் வெளியே புகை மட்டும்தான் தெரியும். அந்த அண்டாவில் பொங்கினால்தான் அம்மன் ஏற்றுக்கொள்வாள், மற்றதில் பொங்கினால் அது சமையல். விழாக் கமிட்டித் தலைவரான அண்ணாச்சி அறையின் நடுவில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று அவர் வீட்டுக் காலண்டரில், "கழுதை மேல் உட்கார்ந்துகொண்டே கழுதையைத் தேடாதே" என்று வந்திருந்தது. அவர் அதைக் கிழித்து அதில் சீவலை மடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பக்கத்துல குடியிருக்கது பழைய இரும்புக்காரன்" என்றார் வன்னியராசு, யாரையும் குறிப்பிடாமல்.

மறுநாள் திங்கட்கிழமை, அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. ஊரில் நாங்கள் பார்த்த எல்லா வீட்டுக் காலண்டரிலும் ஒரே வரி வந்திருந்தது. "கோடரியைத் தொலைத்தவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் நடப்பதும் திருடன் நடையாகத் தெரியும். சீனப் பழமொழி." ஊரே திரையை விலக்கிவிட்டு வாசலுக்கு வந்து நின்றது. எனக்கு உள்ளுக்குள் பளிச்சென்றிருந்தது, இதைவிட வெளிச்சமாக ஒருத்தன் எழுத முடியாது, இனி யாரும் அந்த மனுஷனைத் தொட மாட்டார்கள் என்று. அரை மணி நேரத்தில் காசிராஜன் அர்த்தம் சொல்லிவிட்டார். "கோடரின்னா என்ன? உலோகம். அண்டாவும் உலோகம். பக்கத்து வீடு, திருடன், நடை. இதுக்கு மேல கதவு நம்பரத்தான் போடணும்."

அன்றையிலிருந்து ஊர் தங்கப்பழத்தின் நடையைப் பார்த்தது. அவர் சாய்ந்து நடந்தால், அண்டாவைத் தூக்கிய தோள் இன்னும் நிமிரவில்லை பார் என்றார்கள், வேகமாக நடந்தால் பயந்து ஓடுகிறான் என்றார்கள், மெதுவாக நடந்தால் நடிக்கிறான் என்றார்கள், நின்றால் நோட்டம் விடுகிறான் என்றார்கள், வணக்கம் சொன்னால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்றார்கள், சொல்லாமல் போனால் திமிர் என்றார்கள், பாவம், அந்த மனுஷன் கடைசியில் வண்டியை விட்டு இறங்காமலே டீ குடிக்கப் பழகினார், அதற்கும் இறங்கினால் நடை தெரிந்துவிடும் என்று இறங்க மாட்டேன் என்கிறான் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில் கொட்டகையில் கூட்டம். தங்கப்பழம் ஓரமாக நின்றார். சந்தனமாரிதான் முன்னால் வந்தாள்.

"வெள்ளிக்கிழம காப்புக் கட்டு" என்றார் அண்ணாச்சி. "அதுக்குள்ள அண்டா வரணும், இல்லன்னா வீட்டக் காலி பண்ணிரணும். வீட்டு ஓனர்கிட்டயும் பேசியாச்சு."

"திங்கக்கிழம பிள்ளைக்குக் கெமிஸ்ட்ரி பரீட்ச அண்ணாச்சி. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு இருக்கு. அவளுக்கு நர்சிங் சேரணும்."

"பரீட்ச வருஷா வருஷம் வரும்மா" என்றார் வன்னியராசு.

"காப்புக் கட்டு மட்டும் ஒரு தடவதான் வருமோ?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள்.

"தூத்துக்குடியில உங்க அண்ணன் இருக்காருல்ல, அங்க போறது" என்றார் காசிராஜன்.

"அவன் தூரத்துல இருக்கான்யா. நீங்கதான பக்கத்துல இருக்கீங்க" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"வாய் பேசாத. காலண்டர் பொய் சொல்லுமா? ஊரு பூராவும் ஒரே எழுத்து" என்றார் வன்னியராசு.

"உங்க வீட்டுச் செவுத்துல உங்களுக்கு எழுதுனா அது உங்களச் சொல்லுதுய்யா. கோடரியத் தொலைச்சவன் யாரு, நீங்களா நாங்களா?"

முன்வரிசையில் இரண்டு பேர் தலையைச் சொறிந்தார்கள். எங்கே ஊருக்குப் புரிந்துவிடுமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. "சீனம் தெரியாம அர்த்தம் சொல்லக் கூடாது" என்று காசிராஜன் காப்பாற்றினார்.

"அப்ப உங்க வீட்டுல என்ன வருதுன்னு சொல்லு பாப்போம்" என்றார் அண்ணாச்சி.

"உங்க வீட்டுது என்னன்னு நான் கேட்டனா? துணி தச்சு மூடிவச்சிருக்கீங்கள்ல. எங்க வீட்டுது எங்களோட இருக்கட்டும். அதக் காட்டினா உங்ககிட்ட வந்து கெஞ்சுன மாதிரி ஆகும்." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "நூறு படி அண்டாய்யா. வெறும் அண்டாவத் தூக்கவே நாலு ஆளு வேணும். எம் புருசன் அர மூட்டயத் தூக்குனாலே இடுப்பப் புடிச்சிக்கிட்டு உக்காந்துருவாரு. அப்ப மிச்சம் மூணு பேரு யாரு? எங்கள அனுப்புறதுன்னா அந்த மூணு பேரையும் சேத்து அனுப்புங்க."

நாலு ஆள் என்று அவள் சொன்னதும் என் வலது தோள்பட்டையில் ஒரு குத்தல் எடுத்தது. தை மாதம், பொங்கல் கழிந்து நாலைந்து நாளில், ஒரு மத்தியானம், அண்ணாச்சி கடையின் லோடு ஆட்டோ கோயில் வாசலில் நின்றதும், "ஏய் டெய்லரு, ஒரு கை குடும்" என்று அவர் கூப்பிட்டதும், சோலைமலையும் ஆட்டோவோடு வந்த இரண்டு பேரும் நானும் சேர்ந்து அந்த அண்டாவைத் தூக்கி ஏற்றியதும், அன்று பிசகிய தோளுக்கு ஒரு வாரம் தைலம் தேய்த்ததும் வரிசையாக ஞாபகம் வந்தன. எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. தலையை நிமிர்த்தினேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அண்ணாச்சியைப் பார்த்தேன், சோலைமலை எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், பிறகு மூவரும் சேர்ந்து காளியம்மனைப் பார்த்தோம்.

ஜெயதுர்கா கூட்டத்துக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காக என்னைப் பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பேசியிருக்கலாம். வாயைத் திறந்தால், ஊர்க் கூட்டத்தில் கமிட்டித் தலைவர் மூக்கு உடையும், அண்ணாச்சி குடும்பத்துத் துணி வேறு கடைக்குப் போகும், அது போகட்டும், நாளைக்கு அவரைத் தனியாகப் பார்த்து நாசூக்காகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவனைப் பற்றியும் சீனர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள். "அப்ப வெள்ளிக்கிழம" என்று சொல்லி அண்ணாச்சி அவசரமாக எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் என் வீட்டுத் தாளைக் கிழித்தேன். "மணியைத் திருடப் போனவன் சத்தம் கேட்கக் கூடாதென்று தன் காதைப் பொத்திக்கொண்டான்" என்றிருந்தது. மீந்துபோன கறுப்பு வெல்வெட்டில் அன்று எனக்கும் ஒரு திரை தைத்துக்கொண்டேன். ஓட்டை விடவில்லை. அண்ணாச்சி வீட்டிலும் என்னவோ வந்திருக்க வேண்டும். அவர் காலண்டரையே கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நல்ல நேரம் தெரியாமல் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை.

மற்ற வீடுகளில் அந்த வாரம் முழுக்கப் பொதுவான வரிதான். புதன்கிழமை, "ஆடு போன பிறகாவது பட்டியை அடை" என்று வந்தது. ஊர் கூடி, ஒன்றுமில்லாத சாமான் அறைக்கு இரண்டு பூட்டுப் போட்டது. வியாழக்கிழமை, "மூன்று பேர் சொன்னால் சந்தையில் புலி வந்துவிடும்" என்று வந்தது. அவ்வளவுதான், பத்து மணிக்கெல்லாம் சந்தைக்குப் புலி வருகிறது என்று பள்ளிக்கூடத்தை விட்டார்கள், காய்கறிக்காரர்கள் கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள், வனத்துறைக்குப் போன் போட்டார்கள், வந்தவர்கள் கால்தடம் இல்லையே என்று சொன்னதற்கு, வன்னியராசு தானே கண்ணால் பார்த்ததாகவும் அது அவரைக் கண்டதும் ஒதுங்கிப் போனதாகவும் சொன்னார். அந்தப் புலியையும் தங்கப்பழம்தான் வளர்க்கிறான் என்று சாயங்காலத்துக்குள் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் தங்கப்பழம் தன் மூன்று சக்கர வண்டியில் தன் வீட்டையே ஏற்றிக்கொண்டிருந்தார். பாய், கிரைண்டர், அண்ணாச்சி கடைக் குடம். ஜெயதுர்கா வாசற்படியில் உட்கார்ந்து காதில் விரலை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஊர் கொஞ்சம் தள்ளி நின்று, வேடிக்கை பார்க்காததுபோல வேடிக்கை பார்த்தது. நான் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரமாகக் கோத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு மினி லாரி வந்து கோயில் வாசலில் நின்றது. அதில், வெயில் பட்டுக் கண் கூசும்படி, காளியம்மன் கோயில் அண்டா உட்கார்ந்திருந்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசும் இப்ராகிம் பாய், டவுனில் பட்டறை வைத்திருப்பவர், முன்சீட்டிலிருந்து இறங்கினார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு மாசமாப் போன் அடிக்கேன், எடுக்க மாட்டேங்கீங்க. ஈயம் பூசிச் சும்மா கெடக்கு. பொங்கலு வருதேன்னு நானே ஏத்தியாந்துட்டேன். தை மாசம் நீங்க கொண்டாந்து எறக்குனப்பவே பங்குனிக்கு வேணும்னு சொன்னீங்கள்ல?"

 அண்ணாச்சி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார், பதில் அதற்குள் கிடப்பதுபோல. "அம்மன் என்னச் சோதிச்சிட்டா" என்றார் கடைசியில். ஊர் அதை ஏற்றுக்கொண்டது. அம்மன் சோதித்தது அண்ணாச்சியை என்பதால் எல்லோரும் அவருக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் நடந்ததுதான் எனக்குக் காலண்டரைவிடப் பெரிய அதிசயமாகத் தெரிந்தது. ஊர் திரும்பித் தங்கப்பழத்தைப் பார்த்தது. கையில் கிரைண்டரோடு, அதே சாய்ந்த நடையில், அவர் வாசலிலிருந்து வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். "பாரு, எவ்வளவு யோக்கியமான நட" என்றார் வன்னியராசு. ஆறு பேர் ஓடிப்போய்ச் சாமான்களை இறக்கி வீட்டுக்குள் வைத்தார்கள். "நான் அன்னைக்கே சொன்னேன், தப்பு கோடரிக்காரன் மேலதான்னு" என்றார் காசிராஜன். அண்ணாச்சி தன் பெயர் பொறித்த ஒரு டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்து, நன்றாகப் படிக்க வேண்டும் என்று புத்தி சொன்னார். பொங்கலன்று முதல் கரண்டி அவர்கள் வீட்டுக்குத்தான் போனது. மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர எல்லாம் அவர்களுக்குக் கொடுத்தோம்.

பரீட்சை முடிந்த மறுநாள் அவர்கள் தாங்களாகவே காலி செய்தார்கள். போக வேண்டாம் என்று ஊரே சொன்னது. தங்கப்பழம் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். சந்தனமாரி என்னிடம் வந்து, "வீட்டு ஓனர் வந்தா சாவியக் குடுத்துருங்க அண்ணே" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர்கள் போன மறுநாளிலிருந்து எல்லா வீட்டுக் காலண்டரிலும் மற்ற ஊர்களில் வருகிற அதே சாதாரண வரிதான் வந்தது. அச்சுக்கோளாறு சரியாகிவிட்டது என்று ஊர் சந்தோஷப்பட்டது. திரைகளைப் பிரித்துத் தலையணை உறை தைக்கச் சொன்னார்கள், தைத்தேன். அடுத்த வருஷக் காலண்டரில் அண்ணாச்சி பழமொழியே வேண்டாம் என்று சமையல் குறிப்பு போடச் சொல்லிவிட்டார். அதைப் பார்த்துக் காசிராஜன் இப்போது ரசத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாவி என்னிடம் இருந்ததால், வீட்டுக்காரர் வருவதற்கு முன்னால் ஒருமுறை அந்த வீட்டைத் திறந்து பார்த்தேன். பெருக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். காலண்டர் தொங்கிய ஆணிக்குக் கீழே, என் கடை வெட்டுத் துணியால் கட்டிய ஒரு கட்டு மட்டும் கிடந்தது. ஜெயதுர்கா சேர்த்துவைத்த தாள்கள். பின்பக்கம் பூராவும் கெமிஸ்ட்ரி. முன்பக்கம் திருப்பினேன். ஜனவரி ஒன்று: "தூரத்துச் சொந்தத்தைவிடப் பக்கத்து வீடு பெரிது. சீனப் பழமொழி." ஜனவரி இரண்டு: "தூரத்துச் சொந்தத்தைவிடப் பக்கத்து வீடு பெரிது." மாசி முழுக்க அதுதான். ஊரில் எல்லோருக்கும் தினம் ஒன்று மாறிக்கொண்டிருந்தபோது அவர்களுக்கு மட்டும் ஒரு நாள்கூட மாறாமல் இந்த ஒரே வரி வந்திருக்கிறது, அவர்களும் அதைத் தினமும் படித்திருக்கிறார்கள், நம்பியும் இருக்கிறார்கள்.

கூட்டம் நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமையின் தாளைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் அதே வரிதான். பின்பக்கம் கெமிஸ்ட்ரி இல்லை. "கூட்டத்தில் நமக்காகப் பேசப்போகிறவர்கள்" என்று தலைப்புப் போட்டு, கீழே கோடிட்டு, அந்தப் பெண் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருந்தாள்.

"1. டெய்லர் மாமா. அப்பா ஏன் அப்படி நடக்கிறார் என்று அவருக்குத் தெரியும்."

மற்ற நான்கு எண்களுக்கு எதிரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.